குளோஸ்டு வேறு, செட்டில்டு வேறு

கேள்வி: பெங்களூரு விவேக் நகரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. 2021-இல் முந்தைய வேலை போய், ஏழெட்டு மாதம் வீட்டில் இருந்தேன். கிரெடிட் கார்டு பாக்கி 1,86,000 ரூபாய்வரை ஏறிவிட்டது. 2022-இல் வங்கியின் சார்பில் பேசிய ஒருவர், "ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கட்டுங்கள், போதும். செட்டில் மாட்பிடி சார், முகிது ஹோகுத்தே" (செட்டில் செய்துவிடுங்கள் சார், முடிந்துவிடும்) என்று கன்னடத்தில் சொன்னார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். கடிதமும் கொடுத்தார்கள். அதே ஆண்டு என் பைக் கடனும் முடிந்தது. இப்போது சந்தாபுராவில் ஒரு ஃபிளாட் வாங்க 35 லட்சம் கடன் கேட்டேன். வங்கி மறுத்துவிட்டது. என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பைக் கடனுக்கு நேராக 'குளோஸ்டு' என்றும், கார்டுக்கு நேராக 'செட்டில்டு' என்றும் இருக்கிறது. இரண்டாவதுதான் தடை என்கிறார்கள். வேறொரு நிறுவனம் 10.5 சதவீத வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறது. இரண்டும் முடிந்த கணக்குதானே, என்ன வித்தியாசம்? மீதி 76,000 ரூபாயை இப்போது கட்ட வேண்டுமா? பதினைந்தாயிரம் கொடுத்தால் அந்த வார்த்தையை அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், நம்பலாமா? என் மைத்துனருக்கும் மூன்று கார்டுகளில் பாக்கி இருக்கிறது. என்னைப் பார்த்து அவரும் கட்டுவதை நிறுத்திவிட்டு செட்டில் செய்துகொள்ளப் போவதாகச் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டும் முடிந்த கணக்குகள்தாம். பைக் கடனில் வாங்கியதை வட்டியோடு முழுவதும் கட்டிவிட்டீர்கள், அது குளோஸ்டு. கார்டு கடனில் கட்ட வேண்டியதில் ஒரு பகுதியைக் கட்டினீர்கள், மீதியை வங்கி விட்டுக்கொடுத்தது, அது செட்டில்டு. இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இந்த 'இவ்வளவுதான்' உங்களுக்கு ஒரு வீட்டுக் கடனைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றும் எனக்குப் புரிகிறது. 'செட்டில்டு' என்பதுதான் இரண்டில் கௌரவமான சொல் என்று இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். நம் பேச்சில் அது அப்படித்தான் புழங்குகிறது. மளிகைக் கடைப் பாக்கியைச் செட்டில் செய்தாயிற்று என்றால் ஒரு பைசா மிச்சமில்லை என்று பொருள். வேலையை விட்டு விலகும்போது கம்பெனி 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' கொடுத்தது என்றால் வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது. பையன் செட்டில் ஆகிவிட்டான் என்றால் பெண் கொடுக்கலாம். கன்னடத்திலும் இதே நிலைதான். உங்களிடம் தொலைபேசியில் பேசியவர் சொன்னது அவருடைய மொழியில் பொய்யும் அல்ல. வங்கியின் ஏட்டில் மட்டும் அந்தச் சொல்லுக்கு எதிர்ப்பக்கப் பொருள்: பேரம் பேசிக் குறைத்துக்கொண்டது, சமரசம். ரிசர்வ் வங்கியின் ஆவணங்கள் இதற்கு 'சமரசத் தீர்வு' என்ற பொருளில்தான் பெயரே வைத்திருக்கின்றன.

இந்த வழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. ஊரில் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கிய காலத்தில், அசலை வாங்கிக்கொண்டு வட்டியைத் தள்ளிவிட்டு, பெரியவர்கள் முன்னிலையில் கணக்கைப் பைசல் செய்வது உண்டு. நோட்டைக் கிழித்துப் போட்டால் கதை முடிந்தது. முழுப்பணமும் கொடுத்துக் கிழித்ததா, பாதி கொடுத்துக் கிழித்ததா என்று அடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. ஊரில் நான்கு பேர் பேசிக்கொள்வார்கள், சில வருடத்தில் அவர்களும் மறந்துவிடுவார்கள். இன்று கடனும் கிழிகிறது, கிழிந்த விதமும் பதிவாகிறது. மாறியிருப்பது இது ஒன்றுதான்.

இனி சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, கடன் கொடுத்தவர் தனக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. அந்தப் பிரிவின் கீழ் ஒரு எடுத்துக்காட்டும் இருக்கிறது: ஒருவர் இன்னொருவருக்கு 5,000 ரூபாய் தரவேண்டும், 2,000 ரூபாய் தருகிறார், முழுக் கடனுக்கும் ஈடாக மற்றவர் அதை ஏற்றுக்கொள்கிறார், முழுக் கடனும் தீர்ந்தது. நம் சட்டத்தை எழுதிய ஆங்கிலேயர்கள் இதில் தங்கள் ஊர் வழக்கத்தையே மீறினார்கள். 1602-இல் பின்னெல் என்பவரின் வழக்கிலிருந்து இங்கிலாந்தில் நிலைத்த விதி, வெறுமனே குறைந்த தொகையைக் கொடுத்து அதிகத் தொகைக்கான கடனைத் தீர்க்க முடியாது என்பது. இந்தியாவில் தீர்க்கலாம்.

ஆகவே உங்கள் கையில் உள்ள கடிதம் செல்லும். அந்த 76,000 ரூபாயை யாரும் உங்களிடம் உரிமையோடு கேட்க முடியாது, அதற்காக வழக்குப் போட்டாலும் நிற்காது. இப்படி முடிந்த கணக்குகள் சில நேரம் மொத்தமாக விற்கப்படும் பட்டியல்களில் தவறிப்போய்ச் சேர்ந்துவிடுவதும், நான்கைந்து வருடம் கழித்து யாரோ ஒரு வசூல் ஆள் புதிதாகக் கூப்பிடுவதும் நடப்பதுண்டு. அப்போது வாக்குவாதம் வேண்டாம்; கடிதத்தின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தை இன்றே எடுத்து, நகல் போட்டு, கைப்பேசியிலும் படம் பிடித்து வையுங்கள். வெளிர் மையில் அச்சான பழைய ரசீதுகள் இரண்டு மழைக்காலத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

கடன் தீர்ந்துவிட்டது என்று சட்டம் சொல்லும்போது, புதிய வங்கி ஏன் முகம் திருப்புகிறது? அது வேறொரு கேள்வியைக் கேட்கிறது. இவரிடம் இன்னும் பாக்கி உண்டா என்பது அதன் கவலை அல்ல. கொடுத்த பணம் முழுவதும் திரும்பி வந்ததா என்பதே கவலை. இதைத் தெரிந்துகொள்ளத்தான் 2005-இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. நாம் எல்லாவற்றையும் சிபில் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. கடன் கொடுத்தவர்கள் நான்குக்கும் தகவல் அனுப்ப வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பியதை, 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது.

அந்த அறிக்கையை மதிப்பெண்ணோடு மூடி வைத்துவிடாதீர்கள். 300-க்கும் 900-க்கும் இடையில் இருக்கும் அந்த ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு, 740 இருக்கிறதே, ஏன் மறுத்தார்கள் என்று கேட்டு வருபவர்கள் நிறையப் பேர். வங்கியில் கடன் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், எண் நன்றாக இருந்தால் கோப்பு மேசைக்கு வரும், அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு கணக்காகப் பிரித்துப் படிப்போம். உங்கள் கார்டு கணக்கின் கட்டத்தில் நிலைமை என்ற இடத்தில் 'செட்டில்டு' என்று மட்டும் இருக்காது. எவ்வளவு தொகைக்குச் செட்டில்மென்ட், எவ்வளவு தள்ளுபடி, அதில் அசல் எவ்வளவு என்று தனித்தனி இடங்கள் உண்டு. கீழே 36 மாதத்துக்கு மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்ற வரிசையும் இருக்கும். வேலை போன ஒருவர் சில காலம் தடுமாறி ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறார் என்பதை அனுபவமுள்ள அதிகாரி அதிலிருந்து படித்துவிடுவார். ஆனால் இன்று பெரும்பாலான இடங்களில் முதல் சல்லடை கணினிதான். அது காரணம் கேட்பதில்லை.

இடையில் ஒரு சிறு விலகல். வங்கியின் சொற்களில் நம்மைக் குழப்புவது இது ஒன்று மட்டுமல்ல. கடனைத் தவணைக்கு முன்பே முழுதாகக் கட்டி முடிப்பதை இங்கே 'ஃபோர்குளோஷர்' என்கிறார்கள். அமெரிக்காவில் அதே சொல், கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி பறிமுதல் செய்வதைக் குறிக்கும். அங்கே பத்து வருடம் இருந்துவிட்டு ஒயிட்ஃபீல்டுக்குத் திரும்பிய ஒருவர், தன் வங்கி அனுப்பிய ஃபோர்குளோஷர் கடிதத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனதை நான் அறிவேன். அடுத்தது 'ரைட் ஆஃப்'. இதைக் கடன் தள்ளுபடி என்று செய்தித்தாள்கள் எழுதுவதால், தன் பெயருக்கு நேராக அதைப் பார்ப்பவர்கள் மகிழ்ச்சி அடைகிறார்கள். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொண்டது மட்டுமே. கடன் அப்படியே உயிரோடு இருக்கிறது, வசூலும் நடக்கும். செட்டில்டைவிட அது மோசம். உங்கள் அறிக்கையில் அந்தச் சொல்லும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, உங்கள் விஷயம். முதலில் நான்கு நிறுவனங்களின் அறிக்கைகளையும் எடுங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. அவற்றின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள், ஏதோ ஒரு கடன் செயலி இலவசமாகக் காட்டும் சுருக்கத்தை நம்பிப் பயனில்லை. நான்கிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒன்றில் இன்னும் 1,86,000 பாக்கி என்றே தொங்கிக்கொண்டிருந்தால் அது பிழை. அதைத் திருத்த அந்த நிறுவனத்திடமே காசில்லாமல் முறையிடலாம். புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. அந்த 30 நாளில் தகவலைச் சரிசெய்து அனுப்ப வங்கிக்கு 21 நாள் தரப்பட்டிருக்கிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் புகாரில் இந்த உத்தரவைக் குறிப்பிட்டு எழுதினால் பதில் வரும் வேகம் மாறுகிறது.

செட்டில்டு என்ற பதிவே பிழையாக இருக்கும் வழக்குகளும் உண்டு. அசல், வட்டி எல்லாம் கட்டியிருப்பார்கள். கடைசியில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்த் தாமதக் கட்டணத்தை வங்கி ஊழியர் பெருந்தன்மையாகத் தள்ளியிருப்பார். கணினி அதையும் சமரசம் என்று எடுத்துக்கொண்டு முத்திரை குத்திவிடும். உங்கள் விஷயம் அப்படியல்ல. 76,000 ரூபாய் உண்மையாகவே விடப்பட்டிருக்கிறது, பதிவும் உண்மை. அதைப் பிழை என்று முறையிட்டால் நிறுவனம் வங்கியைக் கேட்கும், வங்கி 'சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லும், கதவு சாத்தப்படும்.

அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய்க்காரர் செய்யப்போவதும் இதைத்தான். கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் எந்தத் தகவல் நிறுவனமும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. அவர் உங்கள் பெயரில் அதே இலவச முறையீட்டைப் போடுவார். முறையீடு நிலுவையில் இருக்கும் சில நாட்கள் அறிக்கையில் அந்தக் கணக்கின் பக்கத்தில் ஒரு குறிப்பு தோன்றும், 'பார்த்தீர்களா, வேலை நடக்கிறது' என்பார், மீதிப் பணத்தை வாங்கிக்கொள்வார். இடையில் உங்கள் பான் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்பார். சிவாஜி நகரில் இருந்தாலும் சரி, எம்.ஜி. ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகத்தில் இருந்தாலும் சரி, அவரிடம் போகாதீர்கள்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. விடப்பட்ட தொகையைக் கட்ட நான் தயார், கட்டினால் கணக்கைக் குளோஸ்டு என்று மாற்றித் தருவீர்களா என்று வங்கியிடமே கேட்பது. சட்டப்படி நீங்கள் கட்ட வேண்டியதில்லை என்று மேலே சொன்னேன். இப்போது கட்டுங்கள் என்கிறேன். இரண்டும் முரண் அல்ல. தீர்ந்துபோன கடனுக்காக நீங்கள் இதைக் கட்டப் போவதில்லை. அறிக்கையில் அதன் பெயர் மாறுவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை இது. விலை என்பதால், தகுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

பார்ப்போம். 35 லட்சம், 20 ஆண்டு. வங்கியில் 8.5 சதவீதத்துக்குக் கிடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 30,370 ரூபாய். உங்களுக்கு 10.5 சதவீதத்துக்குத் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தில் ஏறத்தாழ 34,940. மாதம் 4,570 ரூபாய் அதிகம். 240 மாதத்துக்கு அது பத்தே முக்கால் லட்சத்தைத் தாண்டுகிறது. நடுவில் வட்டி மாறும், கடனை வேறு வங்கிக்கு மாற்றலாம், அதனால் முழு வித்தியாசமும் உங்கள் தலையில் விழும் என்று சொல்லமாட்டேன். இரண்டு வருடத்தில் மாற்றிக்கொண்டால்கூட அந்த 24 மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும். ஆகவே 76,000 கொடுத்தாலும் தகும். அவ்வளவும் கொடுக்க வேண்டியிருக்காது என்பதும் என் எண்ணம்.

ஏனென்றால் அந்த 1,86,000 ரூபாயில் நீங்கள் உண்மையில் செலவு செய்தது எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை. கார்டு பாக்கிக்கு வட்டி மாதம் மூன்று முதல் நான்கு சதவீதம். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; அதற்கு மேல் தாமதக் கட்டணம். வேலை இல்லாத மாதங்களில் தொகை ஊதிப் பெருகியது இவற்றால்தான். 2020 முதல் 2022 வரையிலான கார்டு ஸ்டேட்மென்டுகளைக் கேட்டு வாங்கி, அசல் தனி, வட்டியும் கட்டணங்களும் தனி என்று பிரித்து எழுதுங்கள். விட்டுக்கொடுத்ததில் அசல் சொற்பமாக இருந்தால், அந்த அசலை மட்டும் கட்டுகிறேன் என்று பேச இடம் உண்டு. சில வங்கிகள் ஒப்புக்கொள்ளும், சில முழுத் தொகையையும் கேட்கும். ஒரு பேரத்தில் முடிந்த கணக்குக்கு இன்னொரு பேரம் பேசுவது தவறல்ல.

கிளைக்குப் போய் நேரில் கேட்டு நாளை வீணாக்க வேண்டாம். கார்டு விவகாரம் அவர்கள் கையில் இல்லை. வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின், அதாவது நோடல் அலுவலரின் முகவரி இருக்கும். மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அவருக்கு. சுருக்கமாக எழுதுங்கள்: கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், 2022-இல் எந்தத் தேதியில் எந்தக் கடிதத்தின்படி எவ்வளவு கட்டினேன், விடப்பட்ட தொகையின் பிரிவு விவரம் வேண்டும், எந்தத் தொகையைக் கட்டினால் நான்கு தகவல் நிறுவனங்களிலும் இந்தக் கணக்கை முழுதாகக் கட்டப்பட்டு முடிந்தது என்று மாற்றுவீர்கள் என எழுத்தில் தெரிவிக்கவும். வேலை போனதையும் சங்கிலியையும் இதில் எழுத வேண்டாம். அது உண்மை, ஆனால் படிப்பவருக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை.

பதில் எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். முன்பணமாகக் கொஞ்சம் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று தொலைபேசியில் யார் சொன்னாலும் கட்டாதீர்கள். கடிதம் வந்த பிறகு அந்தக் கணக்குக்கே நேராகச் செலுத்துங்கள், தனிநபரின் யு.பி.ஐ.க்கு அல்ல. பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து நான்கு அறிக்கைகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். கடிதத்துக்கு 30 நாளுக்குள் பதிலே வராவிட்டாலும், பணம் வாங்கிக்கொண்டு மாற்றாமல் இழுத்தடித்தாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. வழி தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணை அழையுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் மாறினாலும் பழைய தாமதங்களின் வரிசை மாறாது. ஏழு வருடம் காத்திருந்தால் செட்டில்டு தானாக அழிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, ஏழாவது ஆண்டில் அழித்துவிட வேண்டும் என்பதல்ல. அதேபோல, செட்டில்மென்ட் செய்தவருக்கு ஓராண்டு கழித்தால் கடன் கிடைக்கும் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிமுறை, விவசாயக் கடன் தவிர்த்த மற்றவற்றில், சமரசம் செய்துகொண்ட அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் கழித்துத்தான் அவருக்குப் புதுக் கடன் தரலாம் என்கிறது. தந்தே ஆக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

இந்த வேலை முடியும்வரை வேறு வங்கிகளில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அறிக்கையில் ஒரு விசாரணைப் பதிவு ஏறும். ஒரே மாதத்தில் ஆறு பதிவுகள் இருந்தால், பணமுடையில் அலைகிறார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். சந்தாபுரா பில்டர் முன்பணத்துக்கு அவசரப்படுத்துவார்; அது அவர் தொழில். கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறாரா என்று முதலில் கேளுங்கள். அந்தச் சங்கிலியைத் திருப்பிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் அடகில் இருந்தால், வங்கிக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தில் அது முந்தட்டும். நகைக்கு ஏலத் தேதி உண்டு, அறிக்கையில் உள்ள சொல்லுக்கு அப்படித் தேதி இல்லை.

2022-இல் நீங்கள் செய்ததைப் பற்றி மனம் நோக வேண்டாம். வருமானம் நின்றுபோன வீட்டில், ஏறிக்கொண்டே போகும் வட்டியை ஒரு இடத்தில் வெட்டி நிறுத்தியது சரியான முடிவு. இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் செட்டில்மென்ட் என்ற வழியே இருக்கிறது. அதைக் குற்றம்போலப் பேசும் ஆலோசகர்களை எனக்குப் பிடிக்காது.

உங்கள் மைத்துனரின் விஷயம் நேர் எதிர். அவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். கட்ட முடிந்தவர், தள்ளுபடி கிடைக்கும் என்பதற்காகக் கட்டுவதை நிறுத்தினால் நடப்பது இதுதான்: வங்கி உடனே பேரத்துக்கு வராது. ஆறு மாதமோ ஒரு வருடமோ வட்டி ஏறும், வசூல் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள், ஒவ்வொரு மாதத் தாமதமும் மூன்று கார்டுகளிலும் பதிவாகும். அதன் பிறகு ஊதிய தொகையிலிருந்து தள்ளுபடி தருவார்கள். பல நேரம், தள்ளுபடிக்குப் பின் கட்டுவது இன்றைய பாக்கிக்குச் சற்றுக் குறைவாகவோ அதே அளவாகவோதான் இருக்கும். இதைச் செய்துகொடுக்க என்றே இப்போது பெங்களூருவில் சில நிறுவனங்கள் முளைத்திருக்கின்றன. மாதாமாதம் தங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வங்கிக்குக் கட்டாதீர்கள் என்று அறிவுரை சொல்கின்றன. அவர் அந்தப் பக்கம் போய்விட்டாரா என்று விசாரியுங்கள்.

அவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. மூன்று பாக்கிகளையும் தவணையாக மாற்றித் தரும்படி அந்தந்த வங்கியிடம் கேட்கலாம். அதற்கான வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியைவிடக் குறைவாக வரும். அல்லது இதுவரை தாமதம் இல்லையென்றால், ஒரு தனிநபர் கடன் வாங்கி மூன்றையும் அடைத்துவிட்டு, கார்டுகளில் இரண்டை ரத்து செய்துவிடலாம். எது பொருந்தும் என்பது எண்களைப் பார்த்தால்தான் தெரியும். மூன்று கார்டுகளின் கடைசி ஸ்டேட்மென்டுகளையும், மாதச் சம்பளம், வாடகை, வேறு தவணைகள் இருந்தால் அவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரையே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கார்டு எண்களை அடித்துவிட்டு அனுப்பட்டும். இந்த மாதக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கெடுவுக்குள் கட்டிவிடச் சொல்லுங்கள்.